ராஜா படுத்த கட்டில்

எங்கள் வீட்டு மந்திரிசபையில் எனக்கு ஒதுக்கியிருக்கும் இலாகாக்கள் அதிகமில்லை. காஸ் சிலிண்டர் பதிவு செய்வது, கரண்டு பில் கட்டுவது, வெளியூர் போனால் தங்க இடம் பிடிப்பது. முதல் இரண்டிலும் தொகையை அவர்களே சொல்லிவிடுவதால் என் சாமர்த்தியத்துக்கு அங்கே வேலை இல்லை. மூன்றாவதில்தான் நான் பிரகாசிப்பேன். ராமேஸ்வரத்தில் கடல் தெரிகிற அறை என்று நான் பிடித்த அறையில் கடல் தெரியத்தான் செய்தது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அறை என்றார்கள். அடித்தது, கூரை வழியாக. இவ்வளவுக்குப் பிறகும் அந்த இலாகாவை என்னிடமிருந்து பிடுங்காததற்குக் காரணம், வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்ட என் மனைவிக்கு விஷயம் வேண்டியிருக்கிறது என்பதுதான்.

பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், “பிள்ளைக்கு நாக்குல சரஸ்வதி வரணும். பத்மநாபபுரத்து அம்மா ரோட்டுல வரும்போ ஒரு தடவை கும்பிட்டுட்டு வந்திருவோம்” என்றாள்.

நெல்லைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு இது புரியாது. வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னூற்றிநங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். கம்பர் பூஜித்த சரஸ்வதி என்பது ஊர் நம்பிக்கை. ராஜாக்கள் தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். நவராத்திரி பூஜையும் கூடவே போனது. சாமிகள் மட்டும் வீட்டைக் காலிபண்ணவில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை போய் வருகிறார்கள். அரண்மனை உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும். சரஸ்வதி யானைமேல், மற்ற இருவரும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லை தாண்டி, பாறசாலை மகாதேவர் கோயிலில் இளைப்பாறி, இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயிலில் தங்கல். திருவனந்தபுரம் போனபின் மூன்று பேருக்கும் தனித்தனி ஜாகை: சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், குமாரசுவாமிக்கு ஆரியசாலை, முன்னூற்றிநங்கைக்குச் செந்திட்டை. குடும்பத்தோடு யாத்திரை போய் ஆளுக்கொரு அறை வாங்கிய ஒரே குடும்பம் என் அறிவுக்கு எட்டியவரை இதுதான்.

“நெய்யாற்றின்கரையில சாமி தங்குறதுக்கு முந்தின ராத்திரி நாமளும் அந்தப் பக்கம் தங்குவோம்” என்றேன்.

“எதுக்குத் தங்கணும்? தம்பி வீடு பாறசாலையில இருக்கில்லா?”

தம்பி என்பது அவளுடைய சித்தப்பா மகன். பள்ளிக்கூட வாத்தியார். அவன் வீட்டில் தங்கினால் படுக்கை நடுக்கூடத்தில். டிவி அணைகிறவரை படுக்க முடியாது. பால்காரர் வந்தபின் படுத்திருக்க முடியாது. இடைப்பட்ட நேரத்தில் ரப்பர் விலை ஏன் ஏறவில்லை என்று அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதையும் சேர்த்துத்தான் கேட்டது, கிடைக்கவில்லை. அதனால் மச்சினன் வீட்டில் பேச்சு பாதி தமிழ், ரேஷன் கார்டு முழு மலையாளம். தீபாவளிக்கு ஒரு நாள் லீவு, ஓணத்துக்குப் பத்து நாள். கோடு கிழித்தவர்கள் யோசித்துத்தான் கிழித்தார்கள் என்பது அவன் கட்சி.

“அத்தான், வீடு இருக்கும்போ காசு குடுத்து எதுக்குக் கெடக்கணும்?” என்று அவனும் போனில் கேட்டான். வரலாற்றில் கிடக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “கொசுவத்தி கொண்டு வாங்க” என்றான்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஒரு கிராமத்தில், பழைய ஓட்டு வீடு ஒன்றை இப்போது தங்கும் விடுதி ஆக்கியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம். உரிமையாளர் நல்ல மனிதர், வக்கீலும்கூட. “மார்த்தாண்டவர்ம மகாராஜா ஒளிந்து தங்கிய வீடு. அவர் படுத்த கட்டில் உண்டு. பரம்பரை விருந்தோம்பல்” என்று விளம்பரம். படத்தில் வாசற்படியில் ஒரு வெண்கலக் கிண்டி, திண்ணையில் நீளக் கை வைத்த சாய்வு நாற்காலி, அதன்மேல் வெயில்.

பரம்பரை விருந்தோம்பல் என்ற சொற்களைப் பார்த்ததும் என் கொள்ளுத்தாத்தா நினைவு வந்தது. இந்தச் சாலை தங்கலுக்குப் பேர்போன சாலைதான். நடந்து போகிறவர்களுக்கு ராஜாக்கள் வழியம்பலம் கட்டினார்கள். தலைச்சுமையை இன்னொரு ஆள் கைகொடுக்காமலே இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். அங்கங்கே ஊட்டுப்புரை வைத்து இலவசமாகச் சோறும் போட்டார்கள், பிராமணர்களுக்கு. எங்கள் ஆட்களுக்கு அந்தத் திண்ணை நிழல்கூடத் தூரம்தான். நாராயண குரு 1888-ல் சிவனைப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் இதே நெய்யாற்றின் கரையில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகும் ராஜாவின் கோயில் கதவுகள் எல்லாருக்கும் திறக்க 1936 நவம்பர் 12 வரை ஆனது. கொள்ளுத்தாத்தாவுக்குக் கிடைக்காத கட்டிலில் நான் படுப்பது ஒரு வகையில் சமூகநீதி என்று மனைவியிடம் விளக்கினேன்.

“சமூகநீதிக்கு ஜி.எஸ்.டி. தனியாவா?” என்றாள்.

மார்த்தாண்டவர்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1729-ல் திருவிதாங்கூர்ப் பட்டத்துக்கு வருவதற்கு முன், முந்தைய ராஜாவின் மகன்களான தம்பிமார் ஒரு பக்கமும் எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் இன்னொரு பக்கமும் துரத்த, அவர் ஒளிந்து திரிந்தார் என்பது நாட்டார் கதைகளும், சி. வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட நாவலும் சேர்ந்து நமக்குத் தந்த சித்திரம். அதன் பலன், இந்தப் பக்கத்தில் ஓடு வேய்ந்த பழைய வீடு எதுவானாலும் ராஜா அதில் ஒரு ராத்திரி படுத்திருப்பார். நான் விசாரித்த வீடுகளை மட்டும் கூட்டினாலே மனிதர் இளமை முழுவதையும் தூங்கிக் கழித்திருக்க வேண்டும். 1741-ல் குளச்சலுக்குப் போய் டச்சுக்காரர்களை அடித்தது யார் என்றே சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழையும்போதே வரலாறு என் நெற்றியில் இறங்கியது. வாசல்நிலை என் மூக்கு உயரம். அந்தக் காலத்தில் உள்ளே வருகிறவன் குனிந்து வரட்டும் என்று அப்படி வைத்தார்கள் என்று உரிமையாளர் சொன்னார். நான் உட்கார்ந்தே போய்விட்டேன். மனைவி குனியாமலே உள்ளே வந்தாள். அவள் உயரம் அப்படி.

கட்டில் இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் 64 வகை மூலிகை மரங்களால் செய்த சப்ரமஞ்சக் கட்டில் ஒன்று உண்டு. வழிகாட்டி சொல்லும்போதே நமக்கு முதுகுவலி பாதி குறைந்துவிடும். அந்த எதிர்பார்ப்போடு இதில் படுத்தேன். நான் மூச்சு விட்டால் அது முனகியது. நான் நிறுத்தினாலும் அது நிறுத்தவில்லை. கழற்றி வைத்த கண்ணாடி கீழே விழ, அதை எடுக்கக் கட்டிலடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டத்தின் உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்டில் ‘வார்டு 3, கட்டில் 11’ என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. ஏதோ ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்தது. ராஜா அங்கே எதற்காக அட்மிட் ஆனார் என்று மனைவி கேட்பதற்கு முன்பே டார்ச்சை அணைத்துவிட்டேன்.

ராத்திரி தட்டின்மேல் யாரோ நடந்தார்கள். நிதானமாக, மூலைக்கு மூலை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு யோசிக்கிறவர் நடை.

“மேல யாரு?” என்றாள்.

“மார்த்தாண்டவர்மாவா இருக்கும்.”

“அப்படீன்னா அவரைப் பாத்ரூம் போயிட்டு வந்து படுக்கச் சொல்லுங்க. என் தலையணையில சொட்டுது.”

மரநாய். இந்த ஊரில் மரப்பட்டி என்பார்கள். ஓட்டுக்கும் மரத்தட்டுக்கும் இடையே குடும்பம் நடத்தும் பிராணி. கேரள முதலமைச்சராக இருந்த பினராயி விஜயனே 2024-ல் மேடையில் இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்: மந்திரிமார் பங்களாவிலும் தேய்த்து வைத்த சட்டைமேல் மரப்பட்டி மூத்திரம் விழுகிறது என்று. ஒரு முதலமைச்சருக்குக் கிடைத்த அதே வசதி நமக்கும் கிடைத்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு சாய்வு நாற்காலிக்குப் போய்விட்டாள். அறையோடு சேர்ந்த கழிப்பறை என்று சொன்னது முற்றத்தைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, தென்னைக்கு அப்பால் இருந்தது. சேர்ந்திருந்தது வாடகையில் மட்டும். அதற்கு நான் காவல் போய் வந்த விவரங்கள் இலக்கியத்துக்கு உகந்தவை அல்ல.

காலையில் புட்டும் பயறும் பப்படமும். இந்த ஒரு விஷயத்தில் நான் எல்லையின் வடபுறத்துக்கு விசுவாசி. புட்டுக்குழலிலிருந்து ஆவி பறக்கப் புட்டைத் தள்ளி, மேலே பயறை ஊற்றி, பப்படத்தைக் கையால் நொறுக்கிப் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தால் மரப்பட்டியை மன்னித்துவிடலாம். பரிமாறியவர் எண்பதை நெருங்குகிற காவல்காரர். சின்ன வயதிலிருந்தே இந்த வீட்டில் இருக்கிறாராம்.

“சாருக்கு ஊரு எங்க?”

“பாளையங்கோட்டை. சொந்த ஊர் குழித்துறை.”

“குழித்துறையில ஆருக்க மகன்?”

அப்பா பெயரைச் சொன்னேன். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் அதைச் சொன்னால் இன்னொரு பப்படம் கிடைக்கும். கிழவர் குழலைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பிரதோஷம் சாருக்க மகனா பிள்ளே!”

என் அப்பா காந்தி பக்தர். எங்கள் வீட்டுக் கூடத்தில் காந்தி படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் எங்களுக்கு மதுவின் தீமைகள் பற்றி வகுப்பெடுப்பார். மாதம் இரண்டு பிரதோஷத்துக்கும் பாறசாலை மகாதேவர் கோயிலுக்குப் போவார். சாயங்கால பூஜை முடிந்தால் பஸ் இருக்காது. அங்கேயே தங்கி மறுநாள் காலையில் விபூதியும் ஒரு சீப்பு ரசகதலியும் கொண்டு வருவார். அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டார். மௌனவிரதம் என்று அம்மா சொல்வாள்.

“சாரு இந்த அறையிலயாக்கும் கெடப்பாரு” என்றார் கிழவர். “அப்போ இந்தக் கட்டிலு கிடையாது. பாயிதான். பொறத்தால கள்ளுக்கடை இருந்துது. தெக்க இருந்து வாறவங்க எல்லாரும் இஞ்சதான் தங்குவாங்க. ரண்டு குப்பி உள்ள போனா சாரு பாடுவாரு, கேட்டியளா! அப்படியொரு சாரீரம். பாடி முடிச்சா மதுவிலக்கைப் பத்திப் பிரசங்கம் செய்வாரு. கடைக்காரனே கண்ணு கலங்கிருவான்.”

நான் சரித்திரத்தைக் கணக்குப் போட்டேன். சென்னை ராஜ்யத்தில் 1948-லேயே முழு மதுவிலக்கு வந்தாயிற்று. 1956-ல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த சந்தோஷத்தில் எங்கள் தாலுகாக்காரர்கள் இந்த ஷரத்தைக் கவனித்தார்களா என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கம் 1967-ல் கேரளம் மதுவிலக்கை எடுத்துவிட்டது. இந்தப் பக்கம் 1971 ஆகஸ்ட் 30-ல்தான் தளர்ந்தது. அப்பாவின் பிரதோஷ பக்தி உச்சத்தில் இருந்ததும் அந்த இடைக்காலத்தில்தான். 1971-க்குப் பிறகு மூட்டுவலி என்று சொல்லிப் பாறசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். 1974-ல் தமிழ்நாட்டில் திரும்பவும் மதுவிலக்கு வந்தது. மூட்டுவலி போய்விட்டது. மகாதேவர் கிருபை என்று விபூதியை எங்கள் நெற்றியிலும் பூசினார்.

மனைவியைப் பார்த்தேன். அவள் அமைதியாகப் பயறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“உனக்கு ஆச்சரியமா இல்லையா?”

“எனக்கு எதுக்கு ஆச்சரியம்? கல்யாணம் ஆகி வந்த வருஷமே அத்தை சொல்லிட்டாங்க. ‘எப்பவாவது அவன் மௌனவிரதம்னு சொன்னா வாயை மோந்து பாரு’ன்னு.”

மச்சினனுக்குப் போன் செய்தேன். அவனுக்கும் தெரிந்திருந்தது. “அது பாறசாலை முழுக்க உள்ளதாக்கும் அத்தான்” என்றான். இவ்வளவு காலம் அது தெரியாமலே இருந்தவன், அந்த வீட்டு வரலாற்றை ஆராயக் காசு கொடுத்து வந்திருந்த நான் ஒருவன்தான்.

கிளம்பும்போது கிழவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “சாரு காசு பாக்கி வைக்காத ஆளு. ஒரே ஒரு தடவை ஒண்ணேகால் ரூவா நின்னு போச்சு.” மனைவி பர்ஸைத் திறந்து அவர் கையில் நூறு ரூபாய் வைத்தாள். “வட்டியோட இருக்கட்டும்” என்றாள். ராஜா படுத்ததற்கு எந்த வீட்டிலும் சாட்சி கிடையாது. என் அப்பா படுத்ததற்குக் கடன் பாக்கியே இருந்தது.

மத்தியானம் பாறசாலையில் சாமிகளைப் பார்த்தோம். வீட்டு வாசல்களில் குத்துவிளக்கு, நிறைபறை, தட்டத்தில் பூ. இரண்டு மாநிலப் போலீசும் காவல். யானை அசைந்து வந்தது. மனைவி பேரன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். எனக்கு எதிரே மகாதேவர் கோயில் கோபுரம் தெரிந்தது. இவ்வளவு பிரதோஷம் வந்தவர் ஒரு தடவையாவது உள்ளே போயிருப்பாரா என்று தெரியவில்லை. போயிருப்பார் என்றே வைத்துக்கொள்கிறேன். விபூதி எங்கிருந்தோ வந்திருக்க வேண்டுமே.

சாயங்காலம் நெய்யாற்றின்கரை. இரண்டு கையிலும் வெண்ணெய் வைத்திருக்கிற கிருஷ்ணன். அந்தக் கோயில் வளாகத்தில்தான் அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. துரத்திக்கொண்டு வந்தவர்களிடமிருந்து தப்ப, ஒரு சிறுவன் வழிகாட்ட, மார்த்தாண்டவர்மா புகுந்துகொண்ட பலாமரப் பொந்து. அந்தச் சிறுவன் கிருஷ்ணன்தான் என்று நம்பி, ராஜா ஆனபிறகு அவர் இந்தக் கோயிலைக் கட்டினாராம். பட்டுப்போன அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் ராஜா தங்கியதாகச் சொல்லும் இடங்களில் நான் நம்பத் தயாராக இருப்பது இந்த ஒன்றைத்தான். கட்டில் இல்லை, கிண்டி இல்லை, விளம்பரம் இல்லை. அவசரத்துக்கு ஒதுங்கிய இடம் என்பது பார்த்தாலே தெரிகிறது. வாடகைக்குப் பதில் ஒரு கோயிலே கட்டிக் கொடுத்த விருந்தாளி அவர். 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்த கை அல்லவா.

கேரளக் கோயில் வழக்கப்படி சட்டையைக் கழற்றியிருந்தேன். பொந்தையும் என் வயிற்றையும் மனைவி மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்க ராஜாவா இருந்திருந்தா அன்னைக்கே பிள்ளைமார் கையில ராஜ்யம் போயிருக்கும்” என்றாள்.

அந்த ராத்திரி மச்சினன் வீட்டு நடுக்கூடத்தில் படுத்தேன். ரப்பர் விலை இன்னும் ஏறவில்லையாம்.

அடுத்த நவராத்திரிக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நவராத்திரி தொடங்கும் சமயத்தில் சாமிகள் திருவனந்தபுரம் சேர்ந்தாக வேண்டும் என்பதால், பஞ்சாங்கத்தைப் பார்த்து இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கிளம்புங்கள். ரயிலில் வருகிறவர்கள் கேரளத்தின் கடைசி ஸ்டேஷனான பாறசாலையில் இறங்கலாம். விஜயதசமி முடிந்து அதே வழியில் திரும்பி வரும்போதும் கும்பிடலாம். பழைய வீடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் தலையணையின் மேல் விரிக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட் கொண்டு போங்கள். உங்கள் அப்பாவும் குமரி மாவட்டத்துக்காரராக இருந்து, பிரதோஷ பக்தராகவும் இருந்திருந்தால், அவர் எந்த ஊர்க் கோயிலுக்குப் போனார் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் முன்பணம் கட்டுங்கள்.